மேலே இருப்பதை அமுக்கு

நீலகிரியில் எமரால்டுக்கு மேலே, ரோடு பாதி கரைந்துபோன ஒரு திருப்பத்தில் லிங்கசாமி எஸ்டேட் ஜீப்பை நிறுத்தினான்.

"இதுக்கு மேல வண்டி ஏறாதுங்க டீச்சர். நீங்க பாப்பாவக் கூட்டிட்டு மெதுவா நடங்க. பெட்டிய நான் கொண்டாந்து வெச்சுடறேன்."

சொல்லும்போது அவன் ஜூடித்தின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த எஸ்டேட்டில் இப்போது யாருமே அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. என்ன பேசுவதென்ற தயக்கமோ, துக்கம் ஒட்டிக்கொள்ளுமென்ற பயமோ, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமோ.

மகள் அலீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜூடித் ஏறினாள். கணவனை அடக்கம் செய்த பிறகு குன்னூரில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்புகிறாள். "அங்க போய்த் தனியா என்னடி பண்ணுவ?" என்று அம்மா அழுதுதான் பார்த்தாள். ஆனால் ஜூடித் எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர். அந்த வீடு டீச்சருக்கென்று கொடுத்த குவார்ட்டர்ஸ். வேலையை விட்டால் வீடும் போகும், வீட்டோடு அவன் இருந்த இடமும் போகும். அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

ரெனிஷ் தேயிலை ஃபேக்டரியில் ஆபீஸ் ஸ்டாஃப். ஆடி மாத மழையில் ஒரு சாயங்காலம், ஃபேக்டரி ஆட்களை ஏற்றிவந்த வண்டி வழியில் நின்றுவிட்டது. "யாரும் எறங்காதீங்க, நான் முன்னாடி போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினான். ரோடு இருக்கிறதா என்று பார்க்கப் போனவன்மேல் மலை இறங்கிவிட்டது. வண்டியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அதைச் சொல்லித்தான் எல்லோரும் ஜூடித்துக்கு ஆறுதல் சொன்னார்கள். அது ஆறுதலா என்று அவர்களில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

வீடு பூட்டிக் கிடந்ததில் பூஞ்சை வாடை ஏறியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கல்சுவர், தகரக்கூரை, எந்நேரமும் ஈரம் விடாத சிமென்ட் தரை. பின்கதவைத் திறந்தால் தேயிலைச் சரிவு. சரிவு முடியும் இடத்தில் ஒரு பெரும் பள்ளம். மதியத்துக்கு மேல் மூடுபனி அந்தப் பள்ளத்திலிருந்துதான் எழுந்துவரும்.

முன்னறையில் டிவி ஸ்டாண்டின்மேல் எல்லாம் அவன் வைத்தது வைத்தபடி இருந்தது. அமெரிக்க வீடியோ கேம் மெஷின், அதோடு இரண்டு ஜாய்ஸ்டிக், பக்கத்தில் ஜப்பான் கேசட்.

ரெனிஷுக்குச் சிகரெட் கிடையாது, சீட்டு கிடையாது. இருந்த ஒரே கிறுக்கு இதுதான். ஊரே செல்போனில் விளையாடும் காலத்தில் இவன், தான் டவுசர் போட்டிருந்த நாளில் வந்த ஜப்பான் வீடியோ கேம்களைத் தேடித் தேடித் தருவிப்பான். கேசட்டின்மேல் இருக்கும் எழுத்து ஒன்றுகூட அவனுக்குப் படிக்கத் தெரியாது. அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் கிடையாது. "ஃபோன்ல ஃபோட்டோ புடிச்சா அர்த்தம் சொல்லுமேங்க" என்று ஜூடித் ஒருமுறை சொன்னதற்கு, "அர்த்தம் தெரிஞ்சுட்டா அப்பறம் அதுல என்ன ருசி?" என்று கேட்டான். திரையில் ஏதாவது கேள்வி வந்து, கீழே இரண்டு பதில் வரி வந்தால், அவனுக்கு ஒரே சட்டம்தான். "புரியலைன்னா மேல இருக்கறத அமுக்கு." ஜூடித்துக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தான், அலீனாவுக்கும் அதையேதான். பல தடவை அது சரியாகவும் இருந்தது.

அவன் வைத்திருந்த பழைய ஜப்பான் மெஷின் ஒரு இடியில் கருகிப்போயிற்று. அமெரிக்காவில் இருக்கும் அவன் சித்தப்பா, ஊருக்கு வந்தபோது தன் மகன் விளையாடி அலுத்த மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். அதே கம்பெனி, அதே மெஷின். விற்ற நாடு மட்டும் வேறு. ரெனிஷ் ஆசையாய் ஜப்பான் கேசட்டைச் செருகிப் பார்த்தான். பாதியில் 'டக்'கென்று நின்றது. உள்ளே, கேசட் இறங்கும் பள்ளத்தின் இரண்டு மூலையிலும் பிளாஸ்டிக்கில் இரண்டு பல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாட்டுக் கேசட் இன்னொரு நாட்டு மெஷினுக்குள் போகக் கூடாதென்று கம்பெனிக்காரனே போட்ட வேலி.

"இவ்வளவுதான? கட்டிங் பிளேயர வெச்சு நறுக்கிட்டாத் தீந்துச்சு" என்றான். "ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து செய்யறேன்."

அந்த ஞாயிறு அவனுக்கு வரவில்லை.

ஜூடித் கேசட்டை எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். குன்னூரில் அழுது தீர்த்துவிட்டதாக நினைத்திருந்தாள். தீரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் அலீனாவை வீட்டுக்குக் கூட்டிவருவது செல்விதான். சத்துணவு ஆயா, அடுத்த குவார்ட்டர்ஸ். ஜூடித் நோட்டுத் திருத்தி, பூட்டுப் போட்டு வருவதற்குள் மூடுபனி வாசலுக்கு வந்துவிடும். ஒருநாள் சாயங்காலமும் அப்படித்தான் வந்தது. கேட்டைத் தள்ளிய கை அப்படியே நின்றது.

உள்ளே பாட்டுக் கேட்டது.

வாயால் பாடும் பாட்டல்ல. கேம் ஆரம்பிக்கும்போது வரும் மெட்டு, மணியோசை போன்ற மெல்லிய மெட்டு. துணி துவைக்கும்போது அவளே முணுமுணுத்த மெட்டு.

முன்னறையில் அலீனா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் இரண்டாவது ஜாய்ஸ்டிக். முதலாவது தரையில் கிடந்தது. டிவியில் பனிமலை. கேசட் மெஷினுக்குள் முழுசாக இறங்கி உட்கார்ந்திருந்தது.

"கண்ணு, இத யாரு போட்டுக் குடுத்தா?"

"அப்பா" என்றாள் அலீனா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜூடித் போய்க் கேசட்டைப் பிடுங்கினாள். வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல் வந்தது. திரும்பச் செருகிப் பார்த்தாள்.

டக்.

இன்னும் அழுத்தினாள். நகரவில்லை. ஃபோன் வெளிச்சத்தில் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

இரண்டு பல்லும் அப்படியே இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை.

ஏழு வயதுப் பிள்ளை, அப்பா நினைப்பில் ஏதோ சொல்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கேசட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோனாள்.

மறுநாள் கேட்டைத் தள்ளும்போதே பாட்டுக் கேட்டது. பீரோ பூட்டியது பூட்டியபடி இருந்தது.

இந்த முறை அவள் பிடுங்கவில்லை. மகளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

அந்த விளையாட்டு இதுதான். ஒரு பனிமலை. இரண்டு குட்டிப் பொம்மைகள். ஒன்றின் கையில் விளக்கு. அது முன்னால் ஏறும். மற்றது அந்த வெளிச்சத்துக்குள்ளேயே ஏறிவர வேண்டும். பின்தங்கினால் பனியில் கரைந்து காணாமல் போய்விடும். அப்போது விளக்குக்காரன் இறங்கிவந்து தேடிக் கூட்டிப்போக வேண்டும். ரெனிஷ்தான் எப்போதும் விளக்குக்காரன், முதல் ஜாய்ஸ்டிக் அவனுடையது. ஜூடித்துக்குக் கை ஓடாது. குழியில் விழுவாள், பாறையில் முட்டுவாள், தொலைந்துபோவாள். "என் பொண்டாட்டியத் தேடறதுலயே என் ஆயுசு போகுது" என்று சலித்துக்கொண்டே இறங்கி வருவான். வந்ததும் விளக்கை இரண்டு தரம் ஆட்டுவான். அது கேமில் எந்த வேலைக்கும் ஆகாது. 'வந்துட்டேன், எந்திரி' என்று அவன் வைத்துக்கொண்ட சைகை, அவ்வளவுதான். மலையின் உச்சியை அவர்கள் ஒருநாளும் எட்டியதில்லை.

இப்போது விளக்குக்காரன் மேலே ஏறிக்கொண்டிருந்தான். முதல் ஜாய்ஸ்டிக்கை யாரும் தொடவில்லை.

அலீனாவின் பொம்மை ஒரு குழியில் விழுந்தது. பனி அதை மூடியது.

விளக்கு நின்றது. திரும்பியது. இறங்கி வந்தது.

குழியின் விளிம்பில் நின்று, இரண்டு தரம் ஆடியது.

ஜூடித் மகளுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க" என்றாள். "நீங்களா?"

விளக்கு மறுபடி இரண்டு தரம் ஆடியது.

வேறு யாராக இருந்தாலும் வீல் என்று கத்தி ஊரைக் கூட்டியிருப்பார்கள். பாதிரியாரை வரவழைத்திருப்பார்கள். அந்த மெஷினைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்திருப்பார்கள். ஜூடித் என்ன செய்தாள் தெரியுமா? பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வர ஆரம்பித்தாள். நோட்டுகளை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்தாள். மூடுபனி ஏறும் நேரத்தில் டீ போட்டு, அலீனாவுக்கு வர்க்கி பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்து, அம்மாவும் மகளும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருநாள் அலீனா விளையாடினாள், ஒருநாள் ஜூடித். ஜூடித் வேண்டுமென்றே குழியில் விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் விளக்கு இறங்கி வந்தது. சாவுக்குப் பிறகு அந்த வீட்டில் முதல்முதலாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதை நிறுத்தச் சொல்லி அவளிடம் யார் சொல்ல முடியும்? சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். புருஷனை இழந்தவளுக்குப் பயத்தைவிட ஏக்கம் பெரிது.

செல்விதான் முதலில் கவனித்தாள்.

"ஏனுங்க டீச்சர், பாப்பா கை என்னங்க இப்படி ஐஸ்கட்டியாட்ட இருக்குது?"

ஜூடித் தொட்டுப் பார்த்தாள். குளிர் ஊரில் பிள்ளைகளுக்குக் கை சில்லிடுவது சகஜம். ஆனால் அடுப்புப் பக்கம் உட்கார வைத்தும், வெந்நீரில் முக்கி எடுத்தும், அந்தக் கை சூடேறவில்லை. பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். குன்னூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். "அப்பாவை நெனச்சு ஏங்குதும்மா, வேற ஒண்ணுமில்ல" என்று டானிக் எழுதிக் கொடுத்தார்.

ஜூடித்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மலையில் அலீனா எவ்வளவு உயரம் ஏறுகிறாளோ அவ்வளவு குளிர் இங்கே அவள் உடம்பில் ஏறுகிறது.

அன்று சாயங்காலம் மெஷின் முன்னால் தனியாக உட்கார்ந்து, "போதுமுங்க" என்றாள். "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா புள்ளைக்கு ஒத்துக்கலைங்க. போதும்." சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டாள். அலீனா மூலையில் நின்று அழுதாள். திட்டினால் திருப்பித் திட்டுகிற பிள்ளை, சத்தமே இல்லாமல் அழுதது.

சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஊட்டியில் டீச்சர்களுக்கு ஒரு பயிற்சி வந்தது. போயே ஆக வேண்டும். செல்வியிடம் பிள்ளையை ஒப்படைத்து, "கண்ண விட்டு வெலகாம பாத்துக்கோ" என்று ஆயிரம் தடவை சொல்லிவிட்டுப் போனாள். திரும்பும் வழியெல்லாம் மூடுபனி. பஸ் ஆமை வேகத்தில் ஊர்ந்தது.

வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. முன்னறைக்குள்ளேயே பனி நின்றது.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. அலீனா இல்லை.

"அலீனா!"

பின்பக்கமிருந்து செல்வியின் ஓலம் கேட்டது. தேயிலைச் செடிகளைக் கிழித்துக்கொண்டு அவள் மேலே ஏறிவந்தாள். தோளில் அலீனா துவண்டு கிடந்தாள்.

"அடுப்புல பால் பொங்குதேன்னு எங்கூட்டுக்குப் போய்ட்டு ஒரு நிமிஷத்துல வந்தேன் டீச்சர்! பாப்பா பள்ளத்துப் பக்கமா போய்ட்டே இருக்குது! கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கல! இன்னும் ரெண்டடி வெச்சிருந்தா..."

ஜூடித் மகளை வாங்கிக் கம்பளியில் சுற்றினாள். கன்னம் சில்லென்றிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"எங்க கண்ணு போன?"

"அப்பா கூட." அலீனாவின் குரல் தூக்கத்தில் வருவதுபோல் வந்தது. "உச்சிக்குப் போய்ட்டோம்மா. அங்க ஒரு கதவு. கேள்வி கேட்டுச்சு. அப்பாவுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. நாந்தான் சொன்னேன், மேல இருக்கறத அமுக்குங்கப்பான்னு. கதவு தெறக்குது. முழுசாத் தெறந்ததும் போலாம்."

ஜூடித் திரையைப் பார்த்தாள். மலையின் உச்சி. பனியில் தனியாக நிற்கும் ஒரு கதவு. அதன் முன்னால் விளக்குக்காரனும் அவன் பக்கத்தில் குட்டிப் பொம்மையும். மேலே ஜப்பான் எழுத்தில் ஒரு கேள்வி, கீழே இரண்டு வரி. சுட்டுவிரல் நீட்டிய ஒரு குட்டிக் கை மேல்வரியின்மேல் மினுங்கிக்கொண்டிருந்தது. கதவு ஒரு கீற்று திறந்திருந்தது.

கீற்று மெல்ல அகலமாகிக்கொண்டிருந்தது.

மெஷினின் பிளக்கைப் பிடுங்கப் போனாள்.

பிளக் ஏற்கெனவே தரையில்தான் கிடந்தது.

கேசட்டைப் பிடித்து இழுத்தாள். கல்லில் அடித்து வைத்ததுபோல் இருந்தது. அந்த இரண்டு பல்லும் இப்போது அதைக் கடித்துப் பிடித்திருந்தன.

ஃபோனில் திரையைப் படம் பிடித்தாள். பிள்ளையைச் செல்வியின் மடியில் போட்டு, "கட்டிப் புடிச்சுக்கோ, விட்றாத" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். அந்த வீட்டில் டவர் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனால்தான் கிடைக்கும். செருப்பு எங்கே கழன்றதென்றே தெரியவில்லை. மேட்டில் நின்று ஃபோனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். சுற்றிச் சுற்றி ஓடிய வட்டம் ஒருவழியாக நின்று, ஜப்பான் எழுத்து தமிழானது.

இந்தக் கதவுக்கு அப்பால் திரும்பும் வழி இல்லை. உடன் வந்தவரை என்ன செய்ய வேண்டும்?

மேல்வரி: எடுத்துச் செல்லவும்.

கீழ்வரி: தனியாகச் செல்லவும்.

மூட்டை முடிச்சைச் சொல்வதுபோல் சொல்லியிருந்தது அந்த ஃபோன். ஜூடித்துக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. திரும்பி ஓடும்போது வாய்விட்டே திட்டினாள். பெத்த புள்ளைங்க அது. உங்களுக்குத் துணை வேணும்னா என்னக் கேட்டிருக்கக் கூடாதா? இப்படிப்பட்ட ஆளையா நான் கட்டிக்கிட்டேன்?

வீட்டுக்குள் வந்தபோது திரையில் அந்தக் கதவு பாதிக்குமேல் திறந்திருந்தது. அதற்குப் பின்னால் வெளிச்சமும் இல்லை, இருட்டும் இல்லை. வெறும் வெள்ளை.

"டீச்சர், மூச்சு கொறையுதுங்க" என்று செல்வி கிசுகிசுத்தாள்.

இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்து அமுக்கினாள். அந்தக் குட்டிக் கை அசையவில்லை. முதல் ஜாய்ஸ்டிக்கைப் பற்றினாள். குளிரில் அவள் விரலுக்கு உணர்ச்சியே இல்லை. கீழே போகும் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அது இறங்கவில்லை. மேல் பொத்தானை வேறொரு விரல் அமுக்கிப் பிடித்திருந்தது. அந்த விரல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் விடவும் இல்லை.

"விடுங்க" என்றாள். "விடுங்கன்னு சொல்றேன்ல!"

விரல் விடவில்லை.

விளக்குக்காரன் பக்கத்தில் நின்ற குட்டிப் பொம்மையைப் பார்த்துத் திரும்பினான். விளக்கு இரண்டு தரம் ஆடியது. 'வந்துட்டேன், எந்திரி.'

அதைப் பார்த்ததும் ஜூடித்தின் கோபம் பொலபொலவென்று உதிர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்த மனிதன் அவன். பால் குடிக்கும் பூனைக்குட்டியைக்கூட நகர்த்தி உட்காரத் தெரியாதவன். பெற்ற பிள்ளையின் உயிரை எடுக்க அவனுக்குத் தெரியுமா?

தெரியாது. அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

அவனுக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது!

உயிரோடு இருந்தபோது தெரியாதது, செத்தபிறகு மட்டும் எப்படித் தெரியும்? கேள்வி வந்திருக்கிறது. புரியவில்லை. மகள் ஞாபகப்படுத்தியிருக்கிறாள். மேலே இருப்பதை அமுக்கியிருக்கிறான். எப்போதும்போல. அவ்வளவுதான் நடந்தது.

ஜூடித் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தாள். திரைக்கு முன்னால் மண்டியிட்டாள். டிவி கண்ணாடியில் விரலை வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் சொன்னாள்.

"ஏனுங்க. இங்க பாருங்க. இது என்ன போட்டிருக்குதுன்னு நான் பாத்துட்டு வந்துட்டேன். மேல இருக்கறது, அலீனாவக் கூட்டிட்டுப் போறேன்னு. அந்தக் கதவுக்குள்ள போனா அவ திரும்பி வர மாட்டாளுங்க. உங்களாட்டவே." விரலைக் கீழ்வரிக்கு இறக்கினாள். "கீழ இருக்கறது, நீங்க மட்டும் தனியாப் போறதுங்க."

கதவு திறப்பது நின்றது.

மெட்டும் நின்றது. தகரக்கூரையில் பனி சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. செல்வி வாய்க்குள் ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குட்டிக் கை மேல்வரியிலேயே நின்றது. எவ்வளவு நேரம் நின்றதென்று ஜூடித்துக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவள் அவனிடம் என்னென்னவோ சொன்னாள். அவனுடைய ஸ்வெட்டரை இன்னும் துவைக்கவில்லை என்றாள். அன்றைக்குக் காலையில் சரியாகப் பேசாமல் அனுப்பியதை நினைத்து நினைத்துச் சாவதாகச் சொன்னாள். அலீனாவுக்கு முன்பல் விழுந்து முளைக்கிறது என்றாள். கடைசியில், "நான் பாத்துக்கறேங்க" என்றாள். "நீங்க போய்ட்டு வாங்க." நம் ஊரில் யாரையும் 'போ' என்று அனுப்பும் வழக்கமில்லையே. வரமாட்டானென்று தெரிந்தும் வாய் அப்படித்தான் சொன்னது.

குட்டிக் கை நடுங்கியது.

மெல்லக் கீழே இறங்கியது.

கீழ்வரியின்மேல் நின்று, ஒருமுறை மினுங்கி, அணைந்தது.

விளக்குக்காரன் குனிந்தான். கையிலிருந்த விளக்கைக் குட்டிப் பொம்மையின் காலடியில் வைத்தான். அப்படியொரு அசைவு அந்த கேமில் இருப்பதை ஜூடித் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு வெறுங்கையோடு திரும்பி, அந்த வெள்ளைக்குள் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. பனியில் ஒரு சிறு வெளிச்சமும் அதன் பக்கத்தில் ஒரு சிறு பொம்மையும் மட்டும் இருந்தன.

டிவி அணைந்தது.

"அம்மா" என்றாள் அலீனா. "பசிக்குது."

ஜூடித் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். சூடாக இருந்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடக்கத்தன்றுகூட அழாத அழுகையை அழுதாள். பிள்ளை பிழைத்ததற்கு எவ்வளவு அழுதாளோ, அவனை இரண்டாம் தடவை வழியனுப்பியதற்கும் அவ்வளவு அழுதாள். செல்வி எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி வைத்தாள். அலீனா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு மூன்றாவது கேட்டாள்.

காலையில் நல்ல வெயில் அடித்தது. அலீனா வாசலில் செல்வி வீட்டு நாயோடு ஓடிக்கொண்டிருந்தாள். ஜூடித் முன்னறையை ஒழித்தாள். கேசட் தொட்டதும் கையோடு வந்தது. மனசு கேட்காமல் ஒருமுறை செருகிப் பார்த்தாள். பாதியில் நின்றது. எவ்வளவு அழுத்தியும் இறங்கவில்லை. சரி என்று அட்டைப்பெட்டிக்குள் போட்டாள்.

இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்து ஒயரைச் சுற்றினாள். ராத்திரிக் குளிரில் கிடந்த பிளாஸ்டிக், சில்லென்றிருந்தது. அதையும் பெட்டிக்குள் வைத்தாள்.

முதல் ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள்.

அது வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல் வெயில் அந்த மூலைக்கு வருவதே இல்லை. மெஷினுக்குக் கரண்டும் இல்லை. இரண்டு பக்கமும் உள்ளங்கை பதியும் இடத்தில் மட்டும் அந்தச் சூடு. இப்போதுதான் யாரோ கையிலிருந்து கீழே வைத்ததுபோல.

அவள் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதை மடியில் வைத்து, அந்த இரண்டு இடத்திலும் தன் கையைப் பொத்தினாற்போல் வைத்துக்கொண்டாள். ஆறட்டும், ஆறினதும் பெட்டியில் போட்டுக் கட்டிவிடலாம் என்று காத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்தது. பிறகு இரண்டாவது மணியும் அடித்தது.

அது ஆறவில்லை.